முப்பத்திரண்டு முளைகள்

சீனி பின்வாசல் படியில் உட்கார்ந்து இரும்பு முளைகளின் துருவைத் தேய்த்துக்கொண்டிருந்தார். சனிக்கிழமை, காலை எட்டு மணி. தேய்க்க வேண்டியவை இடப்பக்கம், தேய்த்து முடித்தவை வலப்பக்கம், நடுவில் ஒரு பழைய மைலோ டின்னில் லாரி எஞ்சினிலிருந்து வடித்த கறுப்பு எண்ணெய். கம்பி பிரஷ்ஷால் நாலு இழுப்பு இழுப்பார். கிழிந்த பனியன் துணியை எண்ணெயில் தோய்த்து ஒரு துடைப்பு. பிறகு முளையின் தலையைத் திருப்பி, அங்கே உளியால் கொத்தியிருக்கும் எண்ணைப் பார்ப்பார். பதினொன்று. பன்னிரண்டு. பதின்மூன்றின் தலை கொஞ்சம் நசுங்கியிருந்தது. அது எந்தச் சாவு வீட்டில், எந்தக் கல்லில் பட்டு நசுங்கியது என்பதுகூட அவருக்கு ஞாபகம் இருந்தது.

கூடாரத்தின் கயிறுகளை இழுத்துத் தரையில் கட்டுவதற்கான முளைகள் அவை. ஒவ்வொன்றும் ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவு. பழைய லாரிக் கம்பியை வெட்டிக் கூர்தீட்டி அவரே செய்தவை. ஈப்போவில் அவர் போகும் சபைக்கு இரண்டு கூடாரங்கள் உண்டு. கல்யாணம், சாவு, வீட்டு ஜெபம் எதுவானாலும் அந்த இரண்டும்தான் போகும். இருபத்தி ஆறு வருடமாக அவற்றைக் கட்டியதும் பிரித்ததும் காயவைத்ததும் சீனி. மாதத்தில் ஒரு சனிக்கிழமை முளைகளுக்கு எண்ணெய் போடுவதும் அவர்தான்.

ஆனால் இப்போது அந்த வேலை அவருடையது இல்லை. மூன்று மாதத்துக்கு முன்பே இந்த முளைகள் அவர் கையைவிட்டுப் போயிருக்க வேண்டும்.

வீரம்மா துணிக்கூடையோடு வெளியே வந்தாள். கணவரைச் சுற்றிக்கொண்டு போய்க் கொடியில் ஒரு சட்டையை உதறிப் போட்டாள். முளைகளைப் பார்த்தாள். இந்த மூன்று மாதத்தில் அவள் கட்டிலுக்கு அடியில் கூட்டும்போதெல்லாம் துடைப்பம் அந்தச் சாக்குப் பையில் இடிக்கும். உள்ளே இரும்பு குலுங்குவது முன்னறையில் இருக்கும் அவருக்குக் கேட்கும். அவள் பையைச் சுற்றிக் கூட்டிவிட்டுப் போய்விடுவாள்.

சீனி முதன்முதலில் சர்ச்சுக்குப் போனதே ஒரு முளையைத் திருப்பிக் கொடுக்கத்தான். அந்தக் கதையை அவர் எல்லாருக்கும் சொல்வார், ஒரு வார்த்தை மாறாமல். சுங்கை சிப்புட்டுக்கு உள்ளே இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர் அவர். அப்பா பால்மரம் வெட்டினார், அம்மா புல் வெட்டினாள். சீனி பத்தொன்பது வயதில் லாரிக்குக் கெலிண்டானாகப் போனார், மூட்டை ஏற்றி இறக்கும் கையாளாக. பிறகு அதே லாரியை ஓட்டினார். ஓட்டாத நேரத்தில் சம்சு சாராயம் குடித்தார். தோட்டத்தை விற்று எண்ணெய்க்கான செம்பனை நடப்போகிறார்கள் என்று பேச்சு வந்து, பாதி லயத்து வீடுகள் காலியாகிவிட்ட ஒரு நவம்பர் மழையில் அப்பா செத்துப் போனார். வாசலில் நாலு கம்பு நட்டு ஒரு தார்ப்பாய் கட்ட ஆள் இல்லை. இருந்த ஆம்பிளைகள் சீனியைப் போலவே நிற்க முடியாத நிலையில் இருந்தார்கள். கடைசி வீட்டுக் கருப்பம்மாள், அந்த லயத்திலேயே சர்ச்சுக்குப் போகிற ஒரே ஆள், சாலைக்கு நடந்துபோய் யாருக்கோ போன் போட்டாள். மத்தியானம் ஈப்போவிலிருந்து ஒரு சின்ன லாரி வந்தது. முன்பின் தெரியாத நாலு பேர் இறங்கி, ஒரு கேள்வியும் கேட்காமல் கூடாரம் போட்டார்கள். அவர்களில் ஒருவர் சுத்தியலை ஓங்கும்போது முளையைப் பிடித்துக்கொள்ளச் சீனியைக் கூப்பிட்டார். சீனி குந்தி உட்கார்ந்து பிடித்துக்கொண்டார்.

எல்லாம் முடிந்து ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், செம்மண்ணில் ஒரு முளை மட்டும் பிடுங்காமல் நின்றது. அதைப் பிடுங்கி, கழுவி, செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினார். ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை பாதியில் இருந்தது. வாசலில் ஒருவன் கையில் இரும்போடு நிற்பதைப் பார்த்து இரண்டு மூப்பர்கள் எழுந்து வந்துவிட்டார்கள், சண்டைக்கு வந்திருக்கிறான் என்று. சீனி அதை அவர்களிடம் நீட்டினார்.

"உங்க ஆணி. மறந்துட்டுப் போயிட்டீங்க."

தேத்தண்ணி கொடுத்தார்கள். உட்காரச் சொன்னார்கள். அப்புறம் அவர் போகவே இல்லை.

வீரம்மா அவரோடு போகவில்லை. குடியை விட்டதில் அவளுக்குச் சந்தோஷம்தான். அதற்காக முருகனை விடவேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. ஈப்போவில் மலிவு வீடு ஒன்று கிடைத்து வந்த பிறகு, முன்னறையில் அவருடைய வேதம் ஒரு தட்டிலும் அவளுடைய விளக்கு ஒரு தட்டிலும் இருந்தன. கூடாரத் துணி கிழிந்தால் தைத்துக் கொடுப்பது அவள்தான். "உங்க சாமிக்கு நான் சம்பளமில்லாத தையக்காரி" என்பாள்.

எட்டு வருடத்துக்கு முன்னால் தர்மேந்திரன் பாஸ்டராக வந்தார். புதன்கிழமை வேதபாடத்தில் அவர் லேவியரைப் பற்றி ஆறு வாரம் பேசினார். சீனி அதற்கு முன்னால் லேவியர் என்றால் யாரோ பூசாரிகள் என்றுதான் நினைத்திருந்தார். வனாந்தரத்தில் தேவனுடைய கூடாரத்தைச் சுமந்துபோவதற்கென்றே ஒரு கோத்திரம் என்று பாஸ்டர் சொன்னார். மற்றவர்களுக்கெல்லாம் நிலம் பங்கு உண்டு, இவர்களுக்கு மட்டும் கிடையாது என்றபோது, பின்வரிசையில் இருந்த பழைய தோட்டத்து ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அதை அவர்களுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

அந்தக் கோத்திரத்தில் மூன்று வீட்டார். ஒரு வீட்டார் உடன்படிக்கைப் பெட்டியையும் பலிபீடத்தையும் தோளில் சுமப்பார்கள். ஒரு வீட்டார் திரைகளைச் சுமப்பார்கள். மூன்றாவது மெராரியின் வீட்டார். அவர்களுக்குப் பலகை, தூண், தூணின் பாதம், முளை, கயிறு. சுமை கனம் என்பதால் அவர்களுக்கு நாலு வண்டியும் எட்டு மாடும் கொடுத்தார்களாம். சீனிக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. "மெராரி வீட்டுக்காரங்க நம்ம ஆளுங்கதான்லா. லாரி ஆளுங்க" என்று தேத்தண்ணி நேரத்தில் எல்லாரிடமும் சொன்னார்.

அதோடு இன்னொன்றையும் பாஸ்டர் சொன்னார். மெராரியின் ஆட்கள் சுமக்கும் சாமான்களைப் பேர்பேராக, ஒவ்வொன்றாகச் சொல்லி ஒப்படைக்க வேண்டும் என்று கட்டளை இருந்ததாம். கூடாரம் எழும்பி நின்ற பிறகு யாரும் முளையைப் பார்ப்பதில்லை. பாதி மண்ணுக்குள் போய்விடும், மீதியில் கால் இடறும். ஆனாலும் அது பேர் சொல்லிக் கொடுக்கப்பட்ட பொருள். பார்க்கப்படாத வேலையை உண்மையாய்ச் செய்வதுதான் ஊழியம் என்று பாஸ்டர் முடித்தார். அடுத்த நாளே சீனி ஓர் உளியைத் தேடி எடுத்து, ஒவ்வொரு முளையின் தலையிலும் எண் கொத்தினார். ஒன்று முதல் முப்பத்திரண்டு வரை. அதற்கு இரண்டு நாள் ஆனது. வீரம்மா கேட்டாள், பள்ளிக்கூடத்தில் சேர்க்கப்போகிறீர்களா என்று.

போன வருடக் கடைசியில் அவருக்குக் குடலிறக்க ஆப்பரேஷன் நடந்தது. கனம் தூக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனாலும் இரண்டு மாதம் கழித்து ஒரு கல்யாண வீட்டில் அவர் கம்பி தூக்கியதைப் பாஸ்டர் பார்த்துவிட்டார். கோபப்படவில்லை. வீட்டுக்கு வந்து, வீரம்மா போட்ட காப்பியைக் குடித்துவிட்டு, மெதுவாகத்தான் சொன்னார். லேவியர் ஐம்பது வயதானால் சுமக்கும் வேலையை விட்டுவிடுவார்கள். சகோதரருக்குத் துணையாய் நின்று காவல் காப்பார்கள், அவ்வளவுதான். அண்ணனுக்கு அறுபத்தொன்று. பதினொரு வருடம் கூடவே செய்துவிட்டீர்கள் என்று சிரித்தார். சீனியும் சிரித்தார். வேதத்தில் இருப்பதற்கு எதிராக என்ன பேசுவது?

கூடாரப் பொறுப்பு சுகுமாரனுக்குப் போனது. முப்பத்தெட்டு வயது, கார் பட்டறையில் வெல்டிங் வேலை, அதிர்ந்து பேசாதவன். சீனியோடு நாலைந்து தடவை கம்பி பிடித்திருக்கிறான். ஒப்படைத்த அன்று, கூடாரச் சாமான்கள் இருக்கும் சர்ச் ஸ்டோரின் சாவியை வாங்கிக்கொண்டான். கம்பிகளை எண்ணினார்கள், துணிகளை விரித்துப் பார்த்தார்கள், கயிறுகளைப் பார்த்தார்கள். பாஸ்டர் ஜெபம் செய்தார். யாரோ போட்டோ எடுத்தார்கள். முளைகளை யாரும் கேட்கவில்லை. எண்ணெய் போடுவதற்காக எடுத்துவந்த பை சீனியின் வீட்டில் இருந்தது. இன்னும் முளை இருக்கிறதே என்று அவர் வாய் வரை வந்தது. கேட்கட்டும், கொடுப்போம் என்று நினைத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்து பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார்.

ஒரு மாதம் ஆனது. இரண்டு மாதம் ஆனது. யாரும் கேட்கவில்லை. இப்போதெல்லாம் விசேஷங்கள் நகரத்துத் தாமான் குடியிருப்பு வீடுகளில்தான் நடக்கின்றன. வீட்டுக்கு முன்னால் சிமெண்டுத் தரை, அதற்கு முன்னால் தார் ரோடு. முளை இறங்காது. சுகுமாரன் பெயிண்ட் வாளிகளில் சிமெண்டு ஊற்றி, மேலே வளையம் வைத்து, அதில் கயிற்றைக் கட்டினான். நல்ல யோசனைதான். சீனி அதை வாளிக் கெமா, வாளிக் கூடாரம், என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சுகுமாரனும் சிரித்தான்.

மூன்று வாரத்துக்கு முன்னால் கருப்பம்மாள் இறந்துபோனாள். தோட்டம் போய்விட்ட பிறகும் அவள் மகன் செம்பனைக்காரர்களிடம் காவல் வேலை பார்த்துக்கொண்டு அங்கேயே, அந்தப் பழைய வீட்டில்தான் இருந்தான். வாசல் முழுக்கப் புல்லும் செம்மண்ணும். சுற்றிலும் மரம் இல்லாத மேடு. அங்கே காற்று எப்படி வரும் என்று சீனிக்குத் தெரியும். வாளி அங்கே நிற்காது என்றும் தெரியும்.

அடக்கத்தன்று காலை ஒன்பது மணிக்கு சுகுமாரன் போன் அடித்தான்.

"அண்ணே, முளைப் பை ஸ்டோர்ல காணோம்லா. எங்க வெச்சீங்க?"

சீனி கட்டிலில் உட்கார்ந்திருந்தார். குதிகால் பையைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"அங்கதான் இருக்கும். நல்லாத் தேடிப் பாரு."

சரிண்ணே என்று வைத்துவிட்டான். இன்னொரு தடவை அடிப்பான், இல்லாவிட்டால் நேராக வந்து நிற்பான் என்று சீனி நினைத்தார். அண்ணே நீங்களே வாங்க, நீங்க இல்லாம முடியாது என்பான். அப்போது, அட, இங்கேதான் கிடக்கிறது பார் என்று எடுத்துக்கொண்டு போகலாம். சட்டையைப் போட்டுக்கொண்டார். மோட்டார் சைக்கிள் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பதினொரு மணிவரை அப்படியே உட்கார்ந்திருந்தார். போன் அடிக்கவில்லை. பிறகு சட்டையைக் கழற்றினார். கருப்பம்மாள் சாவுக்கு அவர் போகவில்லை. முட்டி வலி என்று வீரம்மாவிடம் சொன்னார். அவர் அப்பாவின் சாவுக்கு ஆள் கூப்பிட்டுக் கொடுத்த கருப்பம்மாள்.

சாவு வீட்டில் நாலு மணிக்கு, சவப்பெட்டியைத் தூக்கும் நேரத்தில், மழைக்கு முந்திய காற்று அடித்தது. ஒரு பக்கமாகக் கூடாரம் எழும்பியது. வாளிகளில் ஒன்று கயிற்றோடு எழுந்து சுழன்று, தேத்தண்ணித் தட்டோடு வந்துகொண்டிருந்த பெண்ணின் தோளில் இறங்கியது. அவள் விமலா, சுகுமாரனின் மனைவி. காறை எலும்பு இரண்டு துண்டு, தோள் மூட்டும் பிசகியது. தகடு வைத்துத் தைத்தார்கள். பள்ளிக்கூடக் கேண்டீனில் சமைப்பவள் அவள். வலது கையைத் தலைக்கு மேலே இனி முழுசாகத் தூக்க முடியாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

சுகுமாரனின் கவனக்குறைவு என்று சபையில் பேசிக்கொண்டார்கள். சீனி அண்ணன் காலத்தில் ஒரு கயிறு அவிழ்ந்ததுண்டா என்றும் சொன்னார்கள். அதை அவருடைய முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். போன் அடித்ததைப் பற்றி மட்டும் சுகுமாரன் யாரிடமும் சொல்லவில்லை. சீனி ஒவ்வொரு நாளும் காத்துக்கொண்டிருந்தார், அவன் சொல்லிவிடுவான் என்று. சொல்லியிருந்தால் மறுத்துச் சண்டை போட்டிருக்கலாம்.

வீரம்மா கடைசித் துணியையும் காயப்போட்டுவிட்டு, காலிக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவர் எதிரே வந்து நின்றாள். நேற்று அவள் முருங்கைக்கீரை சமைத்து எடுத்துக்கொண்டு விமலாவைப் பார்க்கப் போயிருந்தாள். புருஷனும் பெண்டாட்டியும் ஒரே வீட்டில் பேச்சில்லாமல் இருக்கிறார்கள் என்று வந்து சொன்னாள். சொல்லாமல் வைத்திருந்த மீதியை இப்போது சொன்னாள்.

"நாளைக்கு சுகுமாரன் சர்ச்சில எழுந்து நின்னு மன்னிப்பு கேக்கப் போறானாம். எல்லாரு முன்னாலயும். இனிமே எந்த வேலையும் எனக்கு வேணாம்னு பாஸ்டருக்கு எழுதியும் குடுத்துட்டானாம்."

சீனி பதினாலாவது முளையை எடுத்தார்.

"எட்டு வருஷமா அந்த லேவிக்காரங்க கதைய எனக்குச் சொல்றீங்க" என்றாள் வீரம்மா. "எனக்கு ஒண்ணு மட்டும் தெரியணும். வயசாகி வேலைய விட்டப்ப, அவங்க ஆணிய வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிட்டாங்களா?"

"அதெல்லாம் எழுதல."

"எழுதியிருக்க மாட்டாங்க. அப்படி ஒருத்தன் செஞ்சிருந்தாத்தானே எழுத."

அவள் உள்ளே போய்விட்டாள். சீனி மீதி முளைகளையும் தேய்த்து முடித்தார். ஒன்றையும் விடவில்லை. மத்தியானம் எல்லாவற்றையும் பையில் போட்டு, மோட்டார் சைக்கிள் கூடையில் வைத்துக் கட்டினார்.

அவர் நேராக சுகுமாரன் வீட்டுக்குப் போகவில்லை. வழியில் ஓர் எண்ணம் வந்தது. சர்ச்சுக்குப் பின்னால் இருக்கும் ஸ்டோரில், பழைய துணிக்கட்டுக்குப் பின்னால் பையை வைத்துவிடலாம். எங்கேயோ சிக்கிக் கிடந்தது என்று ஆகிவிடும். ஒருவர் பேரும் கெடாது. சனிக்கிழமை பெண்கள் பூ வைக்க வருவார்கள், ஸ்டோரைத் திறந்துதான் போட்டிருப்பார்கள். அன்றும் திறந்துதான் கிடந்தது.

உள்ளே போனவர் சுற்றிப் பார்த்தார். அவர் வைத்திருந்த காலத்தில்கூட ஸ்டோர் இப்படி இருந்ததில்லை. எல்லாவற்றையும் வெளியே எடுத்து, கூட்டி, மறுபடி அடுக்கியிருந்தான் சுகுமாரன். நீளக்கம்பிகள் தனியாக, குட்டைக்கம்பிகள் தனியாக. துணிகள் நாலு மடிப்பாக. சுவரில் மார்க்கர் பேனாவில் ஒரு பட்டியல். கம்பி இத்தனை, துணி இத்தனை, கயிறு இத்தனை, எல்லாவற்றுக்கும் எதிரே சரி என்று குறி. கடைசியில், முளை. அதற்குக் கீழே ஒன்று, இரண்டு, மூன்று என்று முப்பத்திரண்டு வரைக்கும் தனித்தனியாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம் போட்டிருந்தான். முப்பத்திரண்டு கட்டமும் காலியாக இருந்தன. கீழே தேதி, கருப்பம்மாளை அடக்கம் செய்த மறுநாள்.

அவனுக்கு அந்த எண்கள் தெரியும் என்று சீனி நினைத்ததே இல்லை. முளை பிடிக்க வந்த நாலைந்து தடவையில் பார்த்து வைத்திருக்கிறான்.

அப்படியும் அவர் குந்தி உட்கார்ந்து, துணிக்கட்டுக்குப் பின்னால் பையைத் தள்ளினார். தள்ளிவிட்டு எழுந்தார். இரண்டடி நடந்தார். நாளைக்கு இதை யாராவது கண்டெடுப்பார்கள். கண்முன்னே கிடந்ததைப் பார்க்காமல் போய் பெண்டாட்டியின் தோளை உடைத்தவன் என்று சபை சொல்லும். விமலா சொல்வாள். மறுநாள் அத்தனையையும் வெளியே எடுத்துப் பார்த்தும் கண்ணில் படவில்லையே என்று அவனே சாகும்வரை தன்னை நொந்துகொண்டிருப்பான். சீனி திரும்பிவந்து பையை வெளியே இழுத்தார். தையல் போட்ட இடம் அடிவயிற்றில் சுண்டியது. கொஞ்ச நேரம் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு நின்றார். வாசலில் பூ நறுக்கிக்கொண்டிருந்த அக்கா, என்ன பிரதர், விட்ட வேலை விடமாட்டேங்குதா என்று கேட்டாள். ஆமாம் என்றார்.

சுகுமாரன் வீட்டுக்குப் போய்ச் சேரும்போது சாயங்காலம் ஆகியிருந்தது. நடுவில் ஒரு கடையில் ஒரே தேத்தண்ணியை இரண்டு மணிநேரம் குடித்தார்.

கிரில் கதவு திறந்திருந்தது. விமலா முன்னறை நாற்காலியில், மடியில் தட்டோடு, இடது கையால் நெத்திலிக் கருவாட்டுக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள். வலது கை கழுத்திலிருந்து தொங்கும் துணித்தொட்டிலில் கிடந்தது. ஒற்றைக் கையால் கிள்ளுவதற்கு ஒவ்வொரு நெத்திலியையும் தட்டின் விளிம்பில் வைத்து அழுத்த வேண்டியிருந்தது. சுகுமாரன் அறையின் அந்தப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, ஒரு தாளில் எதையோ எழுதி அடித்துக்கொண்டிருந்தான். நாளைக்குப் பேச வேண்டியது.

வாங்கண்ணே என்றான். விமலாவும் தலையை ஆட்டினாள். சீனி உட்காரவில்லை. பையைத் தரையில் வைத்தார். இரும்பு குலுங்கியது. அந்தச் சத்தத்தில் சுகுமாரன் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தான்.

எழுந்து வந்து பையின் வாயை அவிழ்த்தான். ஒரு முளையை எடுத்தான். எண்ணெய் பளபளத்தது. கையில் பட்ட கறுப்பைப் பார்த்தான். தலையைத் திருப்பி எண்ணைப் பார்த்துவிட்டுத் தரையில் வைத்தான். அடுத்ததை எடுத்தான். ஒன்றையும் விடாமல் எடுத்து, எண் வரிசையில் அடுக்கினான்.

"நான் போன் அடிச்சப்ப இது எங்கண்ணே இருந்துச்சு?"

"என் கட்டிலுக்கு அடியில."

"தெரிஞ்சேவா சொன்னீங்க?"

"தெரிஞ்சேதான்."

விமலாவின் கை தட்டில் நின்றுவிட்டது. அவள் சீனியைப் பார்க்கவில்லை, புருஷனைப் பார்த்தாள். "போன் அடிச்சீங்களா? என்கிட்ட சொல்லவே இல்லயே."

"அண்ணே ஸ்டோர்ல இருக்குன்னாரு" என்றான் சுகுமாரன். "நான்தான் சரியாத் தேடலன்னு நெனச்சேன். கூடாரம் போட நேரமாச்சேன்னு பாதியிலயே கிளம்பிட்டேன்ல. மறுநாள் பாத்துக் காணாதப்பவும் நானே எங்கயோ தொலைச்சிட்டேன்னுதான் நெனச்சேன்."

மூன்று வாரத்தில் அவர்கள் ஒருவரோடொருவர் பேசிய முதல் பேச்சு அதுவாக இருக்கலாம் என்று சீனிக்குத் தோன்றியது. தலை குனிந்துகொண்டார்.

"ஏண்ணே?" என்றான் சுகுமாரன்.

அந்தக் கேள்விக்கு சீனி பல நாளாகப் பதில் சேர்த்து வைத்திருந்தார். இருபத்தி ஆறு வருடம், அப்பாவின் சாவு, மெராரி வீட்டார், போட்டோ எடுத்தவர்கள். வாய் திறந்தபோது ஒன்றுதான் வந்தது.

"ஒப்படைச்ச அன்னிக்கு யாரும் முளையக் கேக்கலப்பா."

சொன்ன பிறகு அது அந்த அறைக்குள் எவ்வளவு சின்னதாகக் கேட்டது என்று அவருக்கே தெரிந்தது. சுகுமாரன் ஏதாவது சொல்வான், திட்டுவான் என்று பார்த்தார். அவன் முளைகளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.

நாளைக்கு நீ எழுந்து நிற்க வேண்டாம், நான் நிற்கிறேன் என்று சீனி சொன்னார். பாஸ்டரிடம் இன்றைக்கே போய்ச் சொல்லிவிடுகிறேன், சபை முன்னால் எல்லாவற்றையும் சொல்கிறேன், உன்மேல் ஒரு சொல் மிச்சமில்லாமல் எடுத்துப்போடுகிறேன் என்றார். சொல்லச் சொல்ல அவர் குரல் கொஞ்சம் தெளிந்தது.

"சொல்லுவீங்கண்ணே" என்றாள் விமலா. சத்தம் உயரவில்லை. "நீங்க சொல்லுவீங்க, நாலு பேரு அழுவாங்க, பாஸ்டர் உங்களக் கட்டிப் பிடிச்சுக்குவாரு. அடுத்த வாரமே எப்படி மனசு தொறந்து சொன்னாரு பாருன்னு உங்களப் பத்திப் பேசுவாங்க. எனக்குத் தெரியும்லா நம்ம சர்ச்ச."

சீனி காலிப் பையை எடுத்து மடித்தார்.

"திங்கக்கிழமை கேண்டீன்ல வேற ஆள் போடுறாங்க" என்றாள் அவள். "பெரிய சட்டி தூக்க முடியாதவள வெச்சு என்ன பண்றதுன்னு கேக்குறாங்க. நியாயந்தானே."

வெளியே ஒரு மோட்டார் போனது. சீனி சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்லக் கீழே, முளைகளுக்கு எதிரே உட்கார்ந்தார். வரிசையில் பதின்மூன்று கொஞ்சம் கோணலாக இருந்தது. கை தானாக அதை நேராக்கப் போனது. பாதியில் கையை இழுத்துக்கொண்டார்.

"நான் என்ன செய்யணும்னு சொல்லும்மா" என்றார். "நீ சொல்றதச் செய்யுறேன்."

விமலா கிள்ளிய நெத்திலியையும் கிள்ளாததையும் தட்டின் இரண்டு ஓரமாக ஒதுக்கினாள். தட்டை இடது கையால் இடுப்போடு அணைத்துக்கொண்டு எழுந்தாள். தட்டு சாய்ந்தது, நாலைந்து நெத்திலித் தலைகள் தரையில் சிந்தின. சுகுமாரன் எழப் பார்த்தான். அவள் அவனைப் பார்த்த பார்வையில் திரும்ப உட்கார்ந்துவிட்டான். முளை வரிசையை மிதிக்காமல் சுற்றி நடந்து, முழங்கையால் திரைச்சீலையை விலக்கிக்கொண்டு அவள் சமையலறைக்குள் போனாள்.